துடைப்பம் நின்ற இடம்

எல்ஸ்பெத் முதுகைக் காட்டி நடக்க ஆரம்பித்ததும் நான் துடைப்பத்தை ஒரு சாண் நகர்த்தி வைத்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், நவம்பர் மாதம், ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மதிய ஆட்டம். வெளியே மழையும் ஆலங்கட்டியும் கலந்து அரங்கின் தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கிழவர்கள் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள், வேறு யாரும் பார்க்க வரவில்லை. எல்ஸ்பெத் பனிக்கட்டியின் மறுமுனைக்குப் போய், ரப்பர் மிதியில் காலை ஊன்றிக் குனிந்து, என் துடைப்பத்தைக் குறிவைத்துக் கல்லை விட்டாள். அவள் மனதில் நினைத்த இடத்திலேயே கல் வந்து நின்றது.

"பாத்தியாடி?" என்று அங்கிருந்தே கத்தினாள். "இடுப்பத்தான மாத்துனாங்க, கண்ண மாத்தலயே!"

எங்கள் அணியின் மற்ற இருவர், ஷீனாவும் கிர்ஸ்டியும், சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பனிக்கட்டியில் கனமான கல்லைச் சறுக்கிவிடும் இந்தக் கர்லிங் தெரியாதவர்கள் எங்கள் ஊர் பால்டெர்ரனில் இல்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், நான் செய்தது என்ன என்று புரிய வேண்டும் அல்லவா. ஒரு அணிக்கு நான்கு பேர், எட்டுச் சுற்று, சுற்றுக்கு ஆளுக்கு இரண்டு கல்; மறுமுனை வட்டத்தின் நடுவுக்கு யார் கல் அருகில் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. அணித்தலைவியை ஸ்கிப் என்போம். அவள் மறுமுனை வட்டத்தில் நின்று துடைப்பத்தை ஊன்றிக் காட்டுவாள், மற்றவர்கள் அந்தத் துடைப்பத்தைப் பார்த்துக் கல்லை விட வேண்டும். ஏன் அங்கே என்று யாரும் கேட்பதில்லை. போகப் போகக் கல் வளையும், எவ்வளவு வளையும் என்பதை அறிந்தவள் அவள். கல்லோடு ஓடும் இருவர் அதன் முன்னால் பனிக்கட்டியைத் துடைப்பத்தால் தேய்த்தால் வளைவது குறையும். ஒவ்வொரு சுற்றிலும் கடைசி இரண்டு கல்லும் ஸ்கிப்புடையவை. அவள் எறியப் போகும்போது அவளுடைய இடத்தில் நின்று துடைப்பம் பிடிப்பவள் மூன்றாம் ஆள். பத்தொன்பது வருஷம் அது நான்தான். எல்ஸ்பெத் தன் துடைப்பத்தால் பனிக்கட்டியில் ஒரு தட்டுத் தட்டி, "இங்க" என்பாள். நான் என் துடைப்பத்தை அங்கே ஊன்றுவேன். "யோசிக்காத. நான் யோசிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு நடப்பாள். ஒவ்வொரு தடவையும் சொல்லுவாள்.

முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் எல்ஸ்பெத் டால்கிளிஷ். பின் சீட்டில் எவன் எவனைக் கிள்ளுகிறான் என்று திரும்பிப் பார்க்காமலே பெயர் சொல்லி அதட்டுவாளாம், தலைக்கு மேலே கண்ணாடி. அந்தக் குரலோடுதான் பனிக்கட்டியில் நிற்பாள். அணிக்கு ஸ்கிப்பின் பெயரைத்தான் வைப்பார்கள். அரங்கின் பலகையில் 'டால்கிளிஷ்' என்று மட்டும் இருக்கும். நாங்கள் மூன்று பேரும் அந்தப் பெயருக்குள் எங்கேயோ அடக்கம். ஒரு தடவை செய்தித்தாளில் படம் வந்தபோது கீழே "எல்ஸ்பெத் டால்கிளிஷும் தோழிகளும்" என்று போட்டிருந்தார்கள். என் கணவன் டாம் அதைக் கத்தரித்துக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைத்து, ஒரு மாதம் என்னிடம் "தோழி, டீ போடு" என்றான்.

இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து வந்த பிறகு எல்ஸ்பெத்தின் எறிதல் மாறிவிட்டது. கல்லை விடும் நேரத்தில் உடம்பு இடப்பக்கம் சாயும். கல் துடைப்பத்துக்கு ஒரு சாண் இடப்பக்கமாகவே கிளம்பும். அவளுக்கு அது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் ஒப்புக்கொள்ளவில்லை. தொடர்ந்து நாலு ஆட்டம் தோற்றோம். கிளப்பில் முணுமுணுப்புக் கிளம்பியது. எங்கள் கிளப்பில் ஒவ்வொரு ஏப்ரலும் கூட்டம் போட்டு ஸ்கிப்புகளை முடிவுசெய்வார்கள், அடுத்த ஏப்ரலில் எல்ஸ்பெத்தை இறக்கிவிட வேண்டும் என்று என் காதுபடவே பேசினார்கள். அதனால்தான் அன்றைக்குத் துடைப்பத்தை அவளுக்கு வலப்பக்கமாக ஒரு சாண் நகர்த்தினேன். அவள் இடப்பக்கம் சாய்வாள், நான் வலப்பக்கம் நகர்த்துவேன், கணக்குச் சரியாகிவிடும். நாற்பது மீட்டருக்கு அப்பாலிருந்து ஒரு சாண் வித்தியாசம் அவள் கண்ணுக்குத் தெரியாது. கல் கிளம்பியதும் துடைப்பத்தை எடுத்துவிடுவோம், பனிக்கட்டியில் தடயமும் இருக்காது.

இரக்கப்பட்டுத்தான் செய்தேன். முதல் மாதம் அது உண்மை. பிறகு அது வேறு ஏதோவாக மாறிவிட்டது. அவள் ஜெயித்துவிட்டு மார்தட்டும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வரும். "யோசிக்காத" என்று அவள் சொல்லிவிட்டுத் திரும்பும்போது, நடடி நட, உன் யோசனையை நான் திருத்தி வைக்கிறேன் என்று சொல்லிக்கொள்வேன். பலகையில் யார் பெயர் இருந்தால் என்ன, கல்லை விடுவது என் துடைப்பம் என்று நினைக்க நினைக்க இனித்தது. இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. மாவட்டக் கேடயத்தின் இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டோம். எங்கள் கிளப்பின் பெண்கள் அந்தக் கேடயத்தைத் தொட்டு முப்பத்தொரு வருஷம் ஆகியிருந்தது. ஜெயித்தால் எல்ஸ்பெத்தை யாரும் அசைக்க முடியாது, தோற்றால் ஏப்ரலில் அவள் கதை முடிந்தது. இது ஊருக்கே தெரியும்.

அரையிறுதிக்கும் இறுதிக்கும் நடுவில் அரங்கின் குளிரூட்டும் இயந்திரம் பழுதாகி, மூன்று வாரம் தள்ளிப்போனது. அந்த மூன்று வாரமும் எல்ஸ்பெத் காலையில் தொலைபேசியை எடுக்கவில்லை. கேட்டால் டாக்டர் என்றாள். நான் குளியலறைக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தேன், அதிகம் கேட்கவில்லை.

பிப்ரவரி மாதச் சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு ஆட்டம். எதிரணி ஐலீன் டன்பாருடையது, நிதானமான பெண்கள். கண்ணாடிக்குப் பின்னால் அன்று நிற்க இடமில்லை. முதல் சுற்றில் எல்ஸ்பெத் தன் கல்லை விட்டபோது எனக்கு ஏதோ உறுத்தியது. கல் நேராக என்னை நோக்கி வந்தது. இரண்டு வருஷமாக அவள் கல் ஒன்றுகூட என் துடைப்பத்தை நோக்கி வந்ததில்லை, எப்போதும் ஒரு சாண் விலகித்தான் வரும், அதுதான் எங்கள் ஏற்பாடு. அன்றைக்கு நூல் பிடித்ததுபோல வந்து, அதனாலேயே ஒரு சாண் தவறிப் போனது. இரண்டாவது சுற்றிலும் அப்படியே. "ஐஸு வளைய மாட்டேங்குது" என்று எல்ஸ்பெத் நெற்றியைச் சுருக்கினாள். மூன்றாவது சுற்று முடிந்து நாலுக்கு ஒன்று என்று பின்தங்கியபோது எனக்குப் புரிந்துவிட்டது. அவள் உடம்பு சாயவில்லை. எங்கேயோ போய், யாருக்கும் சொல்லாமல், தன் எறிதலை நிமிர்த்திக்கொண்டு வந்திருக்கிறாள்.

நாலாவது சுற்றில் அவள் தட்டிய இடத்திலேயே துடைப்பத்தை வைத்தேன். கல் வந்து வட்டத்தின் நடுவில் உட்கார்ந்தது. ஐந்தாவதிலும் ஆறாவதிலும் அதே. கண்ணாடிக்குப் பின்னால் மேசையைத் தட்டினார்கள். கிர்ஸ்டி ஒவ்வொரு கல்லுக்கும் குதித்தாள், "தலைவி இன்னிக்கு சாமி வந்த மாதிரி ஆடுறாடி!" என்றாள். ஏழு சுற்று முடிந்தபோது ஐந்துக்கு ஐந்து. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நான் யோக்கியமாக நின்றேன், ஆட்டமும் எங்கள் பக்கம் திரும்பியது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. இனி அவளுக்கு நான் தேவையில்லை. என் துடைப்பத்தை ஒரு கம்பத்தில் கட்டி வைத்தாலும் அவள் அடிப்பாள்.

எட்டாவது சுற்று, கடைசிக் கல், அது எங்கள் கல். டன்பாரின் கல் ஒன்று வட்டத்துக்குள் நல்ல இடத்தில் கிடந்தது, அதற்கு முன்னால் காவலாக இன்னொன்று. காவலைச் சுற்றி வளைந்துவந்து, உள்ளே இருப்பதைவிட நடுவுக்கு அருகில் நிற்க வேண்டும். எல்ஸ்பெத் வட்டத்தை இரண்டு தடவை சுற்றி வந்தாள், மண்டியிட்டுப் பார்த்தாள். பிறகு தட்டினாள்.

"இங்க. மயிரிழை அசையக் கூடாது."

"சரி."

"யோசிக்காத. நான் யோசிச்சிட்டேன்."

நடந்தாள். பாதி தூரத்தில் நின்று, கையுறையோடு இடுப்பை ஒரு தடவை அழுத்திவிட்டுக்கொண்டாள். நான் அதைப் பார்த்தேன். இத்தனை பேர் பார்க்கிறார்கள், முப்பத்தொரு வருஷம், இந்தக் கடைசிக் கல்லில் அவளுக்குப் பழைய இடுப்புதான் வரும், பயத்தில் உடம்பு பழைய பக்கம்தான் சாயும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். துடைப்பத்தை ஒரு சாண் வலப்பக்கம் நகர்த்தினேன்.

கல் அவள் கையை விட்டு வந்த முதல் நொடியிலேயே தெரிந்துவிட்டது. என் துடைப்பத்துக்கு நேராக வந்துகொண்டிருந்தது. "தொடாதீங்க! விடுங்க, வளையட்டும்!" என்று கத்தினேன். ஷீனாவும் கிர்ஸ்டியும் துடைப்பங்களைத் தூக்கிப் பிடித்தபடி கல்லோடு ஓடிவந்தார்கள். கல் காவலைத் தாண்டி வளைந்தது. வளைந்துகொண்டே வந்தது. இன்னும் ஒரு சாண் வளைந்திருக்க வேண்டும், அதற்குள் நின்றுவிட்டது. எந்தக் கல் அருகில் என்று ஒப்புக்கொள்வதும் மூன்றாம் ஆட்களின் வேலைதான். எதிரணியின் மூன்றாம் பெண் என்னைப் பார்த்தாள். அளக்கவே வேண்டியதில்லை. "உங்க கல்லுதான்" என்றேன்.

எல்ஸ்பெத் பனிக்கட்டியில் மெதுவாக நடந்துவந்தாள். கையுறையைக் கழற்றிக்கொண்டே, யாருக்கும் சொல்லாமல், தனக்குத்தானே சொன்னாள்: "நான் தொடப்பத்த அடிச்சேன்." கல்லைத் துடைப்பத்துக்கே நேராக விட்டேன் என்று அர்த்தம். பிறகு போய் டன்பாருக்குக் கை கொடுத்து, நல்ல ஆட்டம் என்றாள்.

ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு முதல் கோப்பை வாங்கித் தருவது எங்கள் வழக்கம். ஐலீன் டன்பாரே தட்டில் விஸ்கியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எல்ஸ்பெத்தின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். நாங்கள் நாலு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பன்றிக்கறி வைத்த ரொட்டி யார் தட்டிலும் குறையவில்லை.

"நான் தொடப்பத்த அடிச்சேன்" என்றாள் எல்ஸ்பெத் மறுபடியும்.

"தோத்த ஸ்கிப்பு எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க" என்றாள் கிர்ஸ்டி. வேடிக்கைக்குத்தான் சொன்னாள். பல நூறு தடவை எல்லோரும் சொல்லிச் சிரித்ததுதான். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

எல்ஸ்பெத் என் பக்கம் திரும்பினாள். "ரோனா. தொடப்பம் நான் வச்ச எடத்துலதான இருந்துச்சு?"

அதட்டலாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

"ஆமா" என்றேன். "நீ வச்ச எடத்துலதான் இருந்துச்சு."

என்னைப் பார்த்தாள். "சரி" என்றாள். "அப்ப என் கைதான்." விஸ்கியை ஒரே மடக்கில் குடித்தாள்.

ஏப்ரல் கூட்டம் ஓட்டலின் பின்னறையில் நடந்தது. யார் முதலில் வாயைத் திறப்பது என்று எல்லோரும் டீயைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சங்கடத்தைக்கூட எல்ஸ்பெத் அவர்களுக்கு வைக்கவில்லை. தானே எழுந்து நின்றாள்.

"சுருக்கமா சொல்றேன். அந்தக் கடைசிக் கல்ல நேராத்தான் விட்டேன்னு என் ஒடம்பு சொல்லுது. தொடப்பம் எடத்துலதான் இருந்துச்சுன்னு ரோனா சொல்றா. ரெண்டும் உண்மையா இருக்க முடியாது. ரோனா பொய் சொல்ற ஆளு இல்ல, பத்தொன்பது வருஷமா பாக்குறேன். அப்ப என் ஒடம்புதான் பொய் சொல்லுது. தன் ஒடம்ப நம்ப முடியாதவ மத்த மூணு பேருக்கு எங்க எறியணும்னு சொல்லக் கூடாது. ரோனாவ ஸ்கிப்பா போடுங்க."

இவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். அந்த அறையில் எனக்குக் கிடைத்த நேரத்தை நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். கைதட்டல் தொடங்குவதற்கு முன் நீளமான ஒரு அமைதி இருந்தது. எழுந்து நாலு வார்த்தை சொல்லத் தாராளமாகப் போதும். கைதட்டல் வந்தது. நான் எழுந்தேன், நன்றி என்று சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் டாம், "வாங்க தலைவி" என்றான். அவனிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

ஆகஸ்டில் ஒரு நாள் நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு ஒரு பெண் முதுகுவலித் தைலம் வாங்க வந்தாள். கேட்ரியோனா என்று பெயர், மலைக்கு அந்தப் பக்கத்து ஊர் அரங்கில் பயிற்சி தருபவள். என் சட்டையில் பெயரைப் பார்த்துவிட்டு, "எல்ஸ்பெத்தோட ரோனாவா?" என்றாள். ஆமாம் என்றேன்.

"அந்தப் பைனல்ல என்னங்க ஆச்சு? எனக்கு இன்னும் வெளங்கல. மூணு வாரம் தெனமும் காலையில பஸ் புடிச்சு வந்தாங்க. மொத நாளே, 'நான் சாயுறேன்னு எனக்குத் தெரியும், நிமித்தி விடு'ன்னாங்க. கடைசி நாள் இருவது கல்லு போட்டாங்க, பத்தொன்பது தொடப்பத்த அடிச்சுது. வீடியோ இருக்கு, அவங்களுக்கும் அனுப்புனேன். ஏன் எங்கிட்ட வந்தீங்க, உங்க ஊர்லயே சொல்லலாமேன்னு கேட்டேன். 'ரோனாவுக்குத் தெரிஞ்சா பாவம், கவலப்படுவா'ன்னாங்க."

தைலத்தைப் பையில் போட்டுக் கொடுத்தேன். சில்லறையைத் தப்பாக எண்ணிக் கொடுத்தேன், அவள் திருப்பித் தந்தாள்.

அன்று மாலையே எல்ஸ்பெத் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வேலிச் செடியை வெட்டிக்கொண்டிருந்தாள், என்னைக் கண்டதும் கத்தரியைக் கீழே வைத்தாள். மழை வராதது பற்றிப் பேசினோம். ஷீனாவின் மகளுக்கு நிச்சயமானது பற்றிப் பேசினோம். உள்ளே போய் ஒரு பாட்டில் கருந்திராட்சை ஜாம் கொண்டுவந்து கையில் திணித்தாள்.

"கேட்ரியோனா கடைக்கு வந்தாளாமே?" என்றாள்.

"ம். முதுகுவலியாம்."

"ம்." கத்தரியை எடுத்துக்கொண்டாள். "அக்டோபர்ல மூணாவது ஆளா நானே நிக்கிறேன். ஒனக்கும் தொடப்பம் புடிக்க ஆளு வேணும்ல?"

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஜாமைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அது இன்னும் அலமாரியில் திறக்காமல் இருக்கிறது.

இன்றைக்கு அக்டோபர் மாத முதல் ஆட்டம். பலகையில் 'கில்லிஸ்' என்று புது வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கிறார்கள், என் குடும்பப் பெயர். உள்ளே நுழையும்போது எல்ஸ்பெத் அதன் முன்னால் நின்று வாசித்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். ஆட்டம் முழுக்க என் துடைப்பத்தைப் பார்த்துச் சொன்னபடி எறிந்தாள். ஏன் அங்கே என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. என் கல்லுக்கு அவள் துடைப்பம் பிடித்தபோது சிலது வந்து உட்கார்ந்தன, சிலது ஒரு சாண் தவறின. எது என் கை, எது அவள் துடைப்பம் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சரிசமமாகக் கடைசிச் சுற்றுக்கு வந்தோம். கடைசிக் கல் என்னுடையது.

வட்டத்தைச் சுற்றி வந்தேன். அவள் செய்ததுபோலவே மண்டியிட்டுப் பார்த்தேன். பனிக்கட்டியில் தட்டி, "இங்க" என்றேன். எல்ஸ்பெத் தன் மஞ்சள் துடைப்பத்தை அங்கே ஊன்றினாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. யோசிக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரும்பி நடந்தேன். நாற்பது மீட்டர். முதுகு கூசியது. ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் போதும் என்று இருந்தது, ஆனால் எந்த ஸ்கிப்பும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மிதியில் காலை ஊன்றிக் குனிந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். தூரத்தில் மஞ்சளாகத் துடைப்பம் நின்றது. ஒரு சாண் அங்கேயா இங்கேயா, இங்கிருந்து யாருக்கும் தெரியாது. ஷீனாவும் கிர்ஸ்டியும் இரண்டு பக்கமும் குனிந்து காத்திருந்தார்கள்.

"நீ வச்ச எடத்துலதான்டி இருக்கு!" என்று பஸ் குரலில் எல்ஸ்பெத் கத்தினாள்.

அதை நான் அவளிடம் கேட்கவே இல்லை. கல்லின் கைப்பிடியைப் பற்றினேன். மஞ்சள் துடைப்பத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் முன்னால் சறுக்கினேன்.